ஐந்தாவது பெர்த்

1

இந்த வாரம் ஒரு படிவத்தில் மாட்டிக்கொண்டேன். என் மகன் அருணுக்கு இந்திய விசா வாங்க வேண்டும். அவனுக்குப் பதினாறு வயது. பிறந்தது இங்கே, நியூசிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில். வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓசிஐ அட்டை இருக்கிறது, அவனுக்கு மட்டும் இல்லை. என் கணவர் செல்வத்தின் பெயர் ஒரு சான்றிதழில் வெறும் முன்னெழுத்தோடும், இன்னொன்றில் அவருடைய அப்பா பெயர் முழுசாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வருடக்கணக்காக முயல்கிறோம். அவரோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்துகிற எனக்கே இப்போது சில நாள் சந்தேகம் வருகிறது.

படிவத்தின் நடுவில் ஒரு கட்டம்: 'இந்தியாவில் உங்களை அறிந்தவர். பெயர், முகவரி, தொலைபேசி.' கை தானாகப் போய்விட்டது. சங்கரன், பஜார் ரோடு, மட்டாஞ்சேரி, கொச்சி. எண்ணையும் அடித்துவிட்டேன். எதையும் பார்த்து அடிக்க வேண்டியதில்லை, பதினெட்டு வருடமாக எல்லாப் படிவத்திலும் அந்தப் பெயர்தான், அந்த எண்தான். அப்புறம்தான் உறைத்தது. அண்ணன் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த விசா வாங்குவதே அவருடைய ஆண்டுத் திதிக்குப் போவதற்குத்தான்.

அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன், மொத்தமாக அழிக்க மனம் வரவில்லை. அடுத்த கட்டம், 'பார்க்கப் போகும் இடங்கள்.' அதைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு சாயா போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தக் கட்டத்துக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. இந்தியாவை ஒரு முழுச்சுற்று சுற்றிவர எங்கள் குடும்பம் ஆறு வருடம் திட்டம் போட்டது. திட்டம் போட்டவர் அண்ணன், போனவர்கள் நாங்கள். அவரும் எங்களோடு வர ஆசைப்பட்டார் என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும், விடு' என்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அதனால்தான் வீட்டில் ஒரு சங்கரன், ஒரு கோமதி. கோமதி நான். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை நர்சிங் படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்து, விமானம் ஏற்றிவிட்டது வரை எல்லாம் அவர்தான். நாங்கள் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். மட்டாஞ்சேரியில் படிக்காத தமிழ் எழுத்தை நான் ஹாமில்டனில் படித்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு என் மகள் மீராவைக் கொண்டுவிட்டு வாசலில் காத்திருந்த நாட்களில் நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். மீரா இரண்டு வருடத்தில் நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. நான் எழுதும் இந்தக் குறிப்புகளை அண்ணன் வாசித்தது கிடையாது. போனில் வாசித்துக் காட்டுவேன். "கொள்ளாம், கொள்ளாம்" என்பார், நன்றாக இருக்கிறது என்று.

அண்ணன் பஜார் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். சுக்கு, மிளகு, ஜாதிக்காய் மூட்டைகளை வடக்கே அனுப்பும் ஆபீஸ். எந்த மூட்டை எந்த ஊருக்கு, எந்த வண்டியில் என்று பார்ப்பதும், சாக்கில் மையால் ஊர்ப்பெயரும் எண்ணும் போடுவதும் அவர் வேலை. ஒரு பார்ட்டிக்கு ஐந்து மூட்டை போகிறதென்றால் முதல் மூட்டையில் 1/5, அடுத்ததில் 2/5, கடைசியில் 5/5. போய்ச் சேர்ந்த இடத்தில் நாலுதான் இறங்கினால், அங்கிருந்து 'ஒண்ணு ஷார்ட்' என்று எழுதி அனுப்புவார்கள். ஷார்ட் என்று வந்துவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. பாலக்காடு, ஹூப்ளி, நாக்பூர் என்று வழியில் இருக்கிற கிடங்குக்கெல்லாம் போன் போட்டு, அரைகுறை இந்தியில் கெஞ்சி, அதட்டி, எங்கேயோ மாறி இறங்கிப்போன அந்த ஒரு மூட்டையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அவருக்கு இந்தியா அப்படித்தான் தெரியும். எந்த ஊர்க்காரன் சுண்ணாம்பு பூசிய சுக்கு கேட்பான், எந்த ஊர்க்காரன் பூசாதது கேட்பான், எந்த மாதத்தில் பஞ்சாபில் மூடுபனி விழுந்து வண்டி நிற்கும், குவாஹாட்டிக்குப் போகிற வழியில் டிரைவர்கள் எந்த ஆற்றைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் சொல்வார். ஆனால் அவர் போயிருந்தது வடக்கே பாலக்காடு, தெற்கே சங்கரன்கோவில். தினமும் சாயங்காலம் லாரி ஏறும். அவர் இல்லாமல் ஏறாது. அதனால் அவர் எங்கேயும் ஏறவில்லை.

3

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தோம். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் மூலையைக் கத்தரித்து, 'ரத்து' என்று முத்திரை குத்தித் தந்தார்கள். நான் ரொம்பத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தவள். வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் அண்ணனுக்குப் போன் போட்டு அழுதேன்.

"அதுக்கு எதுக்கு கரையிறே?" என்றார். "வெறும் கடலாஸு தானே? போனாப் போட்டே. ஒருக்கா லீவு எடுத்து வாங்க. நாடு முழுக்க நான் காணிச்சுத் தரேன், பிள்ளைகளுக்கு."

நான் காணிச்சுத் தரேன். அப்படித்தான் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மதினி, அதாவது அண்ணன் மனைவி வசந்தா, ஒரு நீளக் காகிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அண்ணனுடைய மலையாள எழுத்து. மொத்தம் நாற்பது நாள். கொச்சியில் ஏறி, ராஜ்கோட், தில்லி, அமிர்தசரஸ், கான்பூர், குவாஹாட்டி, கட்டக் என்று சுற்றிக் கொச்சியிலேயே இறங்குவது. எல்லாம் அவர் மூட்டை அனுப்பிய ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு வேறு. 'அமிர்தசரஸ்: தணுப்பு, ஸ்வெட்டர் வேணும்.' 'கட்டக்: பாலம் காணணும், நீளம்.' 'குவாஹாட்டி: ஆறு.' ஆறு என்று மட்டும். அடியில் 'பெர்த் 5, ஒரு ஜன்னல்.'

தாஜ்மஹால் இல்லையே என்று செல்வம் கேட்டார். "அங்க நம்ம சரக்கு போறதில்லை" என்று அண்ணன் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் காரணம்.

நாற்பது நாள் எங்கே கிடைக்கும்? நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். வருடத்துக்கு நாலு வாரம் லீவு, அதுவும் சேர்ந்தாற்போல் கேட்டால் மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். செல்வம் பால்பவுடர் ஆலையில் இருக்கிறார். இங்கே பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை டிசம்பரில், ஆலைக்குப் பால் வந்து குவிவதும் அப்போதுதான். ஒரு வருடம் அவருக்கு லீவு இல்லை. அடுத்த வருடம் அருணுக்கு விசா வரவில்லை, கையெழுத்துப் படம் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு எட்டு வயது, கையெழுத்தே கிடையாது. பெருவிரல் ரேகை எடுத்து அனுப்பினோம், மங்கல் என்றார்கள். அதற்கடுத்த இரண்டு வருடம் பெருந்தொற்றில் யாருமே எங்கேயும் போகவில்லை. அப்புறம் மீராவுக்கு நீச்சல் போட்டி.

நாற்பது நாள் இருபத்தெட்டு ஆனது. குவாஹாட்டி போனது. இருபத்தொன்று ஆனது. கட்டக்கும் கான்பூரும் போயின. மீராவும் அருணும் சேர்ந்து இணையத்தில் பார்த்து, தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போதும் என்றார்கள். கடைசியில் பன்னிரண்டு நாள், அதில் மட்டாஞ்சேரிக்கு மூன்று. ஒவ்வொரு முறை நான் வெட்டச் சொன்னபோதும் அண்ணன் முணுமுணுக்காமல் புதுக் காகிதம் எடுத்து முதலிலிருந்து எழுதி அனுப்பினார். ஊர்கள் குறைந்துகொண்டே வந்தன. அடியில் இருந்த ஐந்து மட்டும் குறையவில்லை.

டிக்கெட் போடுகிற நாளில்தான் அதைக் கவனித்தேன். பெரிய ஆள் மாதிரி வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதுல அஞ்சு பெர்த்னு போட்டிருக்கீங்க. நாங்க நாலு பேர்தானே?"

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். பின்னால் மதினி நின்றுகொண்டிருந்தார். வெளியே தெருவில் ஏதோ லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஓ. அதே," என்றார். "நாலுதான். எழுதும்போ கை தெற்றிப்போச்சு."

"ஆறு வருஷமாவா தெற்றிட்டு இருக்கு?" என்று நான் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "வயசாச்சில்லே கோமு," என்றார். பேனாவை எடுத்து ஐந்தை அடித்து நாலு என்று எழுதி, கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். மதினி மட்டும் உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

4

மூன்று நாள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். அண்ணன் அந்த வருடம்தான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பிள்ளைகளுக்கு வெயில் தாங்கவில்லை. மீரா சுக்கு வாசனைக்குத் தும்மிக்கொண்டே இருந்தாள். அருணை அண்ணன் வைப்பினுக்குப் படகில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரியாகப் புரியாது, ஆனாலும் ஒரு மணி நேரம் என்னவோ பேசிக்கொண்டு வந்தார்கள். மற்ற நேரமெல்லாம் நான் கடை கடையாக அலைந்தேன். ஊருக்குப் போனால் உறவுகளுக்குக் கொடுக்கவும் அவர்களிடம் வாங்கவுமே பொழுது போய்விடுகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தில்லிக்கு விமானத்தில் போவதாகத்தான் இருந்தோம். இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒருக்காவது ரயில்ல போகட்டும். தரையில போனாத்தான் நாடு எவ்வளவு பெரிசுன்னு தெரியும்," என்றார். அதனால் எர்ணாகுளம் சவுத்திலிருந்து ரயில் ஏறினோம்.

கிளம்புகிற அன்று காலையில் எங்கள் நாலு பெட்டியிலும் ஆளுக்கொரு சாக்குத் துண்டைச் சணலால் கட்டினார். பழைய சுக்குச் சாக்கிலிருந்து கையகலத்துக்கு வெட்டியது. மையால் எண் போட்டிருந்தது. கூட்டத்தில் பெட்டி மாறினால் தெரியும் என்றார். என் பெட்டியில் 1/5. செல்வத்துடையதில் 2/5. பிள்ளைகளுடையதில் 3, 4. அஞ்சு என்று போட்டிருந்ததைப் பார்த்தேன், பழைய கணக்கில் எழுதிவைத்தது போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அவரைப்போல ஒருவர், ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டுத் திருத்தாமல் விடுவாரா என்று எனக்குத் தோன்றவில்லை.

ரயிலில் எங்கள் இடத்தில் ஜன்னலோரம் ஒரு பெர்த் காலியாக இருந்தது. அண்ணன் சாப்பாட்டுப் பொட்டலங்களை மேலே வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தார். உட்கார்ந்து, இருக்கையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"கொங்கண் வழி போகும்போ இடதுகைப் பக்கம் இருக்கணும், கேட்டியா. கடலு அந்தப் பக்கம். பிள்ளைகளெ ஒறங்க விடாதே. குகை வரும், நிறைய."

"நீங்க போனதே இல்லையே அண்ணே, எப்படித் தெரியும்?" என்று செல்வம் கேட்டார்.

"கேட்டிருக்கேன்," என்றார்.

அருணுக்கு அப்போது பதிமூன்று. அவன் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டான், மாமாவும் நம்மோடு வருகிறாரா என்று. நான் வாய் திறப்பதற்குள் அண்ணனே பதில் சொல்லிவிட்டார். "இல்ல மோனே. எனக்கு இங்க பணி இருக்கு."

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருந்த மனிதருக்கு என்ன பணி? எனக்கு அதுவும் தோன்றவில்லை. வண்டி லேசாக அசைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வண்டி நகர்ந்துவிடுமே என்று எனக்குப் பயம். "இறங்குங்கண்ணே, இறங்குங்க," என்று தோளைத் தொட்டு எழுப்பினேன். தூங்குகிறவரை எழுப்புவதுபோல எழுப்ப வேண்டியிருந்தது. இறங்கி, பிளாட்பாரத்தில் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

அந்த ஜன்னல் பெர்த்துக்கு ஆள் வந்தது கோழிக்கோட்டில். அதுவரை அது காலியாகத்தான் வந்தது.

5

தினமும் மூன்று முறை போன் வரும். எந்த ஸ்டேஷன், என்ன தெரிகிறது, மண் என்ன நிறம், வயலில் என்ன நிற்கிறது. பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பிள்ளைகள் மேல் பெர்த்தில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். நானும் குகைகள் வந்தபோது தூங்கிவிட்டேன். கடலைப் பார்த்தோமா என்று கேட்டபோது பார்த்தோம் என்றேன். அது பாதி உண்மை, செல்வம் பார்த்தார்.

தில்லியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காரி பாவ்லி சந்தைக்குப் போய், கொச்சி மார்க் போட்ட ஒரு மூட்டையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "நான் அனுப்பினது எங்கே போய் இறங்குதுன்னு ஒருக்கா காணணும் கோமு. அவ்வளவே உள்ளூ." முப்பத்தெட்டு வருடம் அந்தச் சந்தைக்குச் சரக்கு ஏற்றியவர்.

நாங்கள் போகவில்லை. அன்றைக்கு மீராவுக்கு வயிறு சரியில்லை, அருணுக்குப் பெரிய மால் ஒன்றுக்குப் போக வேண்டும், எனக்கும் கால் வலி. ஹோட்டலிலிருந்து அந்தச் சந்தை அரை மணி நேரம்தான். சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார்.

"போனோம் அண்ணே. ஒரே கூட்டம். போட்டோ எடுக்க முடியல," என்றேன்.

"மாடி ஏறினியா? மேலே நின்னு பார்த்தா எல்லா மூட்டையும் தெரியும்னு டிரைவர்மார் சொல்வாங்க."

"ஏறினோம்."

"எப்படி இருந்தது?"

"பெரிசா இருந்தது," என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் அதற்கே சந்தோஷப்பட்டார். "பெரிசா, இல்லே?" என்று மதினியிடம் திரும்பிச் சொல்வது கேட்டது.

திரும்பும் நாளில், தில்லி விமான நிலையத்தில் அந்தச் சாக்குத் துண்டுகளை அவிழ்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நியூசிலாந்துக்குள் ஒரு விதை, ஒரு இலை நுழையக்கூடாது. செருப்பில் மண் இருந்தால்கூட எழுதிக்கொடுக்க வேண்டும். சுக்கு மணக்கும் சாக்கைக் கொண்டுபோய் யார் அங்கே பதில் சொல்லிக்கொண்டு நிற்பது? நாலையும் சுருட்டிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

6

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து, தேவராவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள். நான் மட்டும் போனேன். மீராவுக்குப் பரீட்சை, அருணுக்கு விசா இல்லை. என்னை விமானம் ஏற்றிவிட்டவரை வழியனுப்ப நான் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மதினி அலமாரி மேலிருந்து ஒரு பையை எடுத்துக்கொடுக்கச் சொன்னார். அவருக்கு முட்டு வலி, ஸ்டூலில் ஏற முடியாது. நீலநிற ரெக்சின் பை. பிடியில் ஒரு சாக்குத் துண்டு கட்டியிருந்தது. 5/5.

உள்ளே இரண்டு சட்டை, ஒரு வேட்டி, துண்டு, புது பிரஷ், சோப்பு டப்பா. அடியில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

"எர்ணாகுளத்துல தெருவோரம் விக்க வருவாங்களே, அவங்ககிட்ட வாங்கினார்," என்றார் மதினி. "கொச்சியில ஸ்வெட்டர் எதுக்குன்னு கேட்டேன். அமிர்தசரஸ்ல தணுப்புன்னார். அப்புறம் அமிர்தசரஸே லிஸ்ட்ல இல்லாம போச்சு. அப்பவும் எடுத்து வெளியில வைக்கல்ல. 'தில்லியிலும் தணுப்பு உண்டு'ன்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி."

"நீ நாலுன்னு சொன்னியே அன்னிக்கு, அப்ப நான் சொல்லப் போனேன். கண்ணால வேண்டாம்னார். போன் வெச்ச பிறகு கேட்டேன். 'அவங்க குடும்பமா போறாங்க வசந்தா, நான் எதுக்கு இடையில? அவளுக்குத் தோணியிருந்தா கேட்டிருப்பாள்'ன்னார்." மதினிக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு வண்டியேறினா வாந்தி, முட்டும் வய்யா. நீங்க போய்ட்டு வாங்கன்னு நான்தான் ஆசைகாட்டிவிட்டேன். என் தப்பும் உண்டு."

அவர் தப்பு ஒன்றுமில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் கெட்டவள் இல்லை, அண்ணன்மேல் பிரியம் இல்லாதவளும் இல்லை. மாதம் தவறாமல் பேசினேன், கேட்காமலே மருந்து மாத்திரை அனுப்பினேன். ஆனால் வெளிநாடு வந்த நாளிலிருந்து அண்ணன் என்றால் எனக்கு நாங்கள் போய் இறங்குகிற இடம். எந்த வருடம் போனாலும் அங்கேயே இருக்கும், படிவத்தில் முகவரியாக எழுதலாம். அந்த இடம் ஒரு பையைக் கட்டிக்கொண்டு நம்மோடு கிளம்ப நினைக்கும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? நான் எதிர்பார்க்கவில்லை. பதிமூன்று வயதுப் பையனுக்குத் தோன்றிய கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

மூட்டைக்கு எண் போடுவதே ஒன்று குறைந்தால் தெரிவதற்காக. நாலு பெட்டியில் அந்த எண்ணைக் கட்டித் தந்து அனுப்பினார். பன்னிரண்டு நாள் அதை இழுத்துக்கொண்டு திரிந்தோம். ஒன்று ஷார்ட் என்று எங்களில் ஒருவரும் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை.

7

படிவத்துக்கு வருகிறேன். 'உங்களை அறிந்தவர்' என்ற கட்டத்தில் மதினி பெயரை எழுதினேன். அவருடைய எண் எனக்கு மனப்பாடம் இல்லை, பார்த்துத்தான் அடித்தேன்.

மீரா இப்போது மெல்போர்னில் படிக்கிறாள். திதிக்கு வர முடியுமா என்று கேட்டதற்கு ஒரு இதயப் படமும் 'முயல்கிறேன்' என்று ஒரு சொல்லும் அனுப்பினாள். முயல்கிறேன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நானும் அண்ணனிடம் ஆறு வருடம் அதைத்தான் சொன்னேன். செல்வத்துக்கு ஆலையில் பால் குவிகிற நேரம். நானும் அருணும்தான் போகிறோம்.

'பார்க்கப் போகும் இடங்கள்' கட்டத்தில் அண்ணனுடைய முதல் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன். ராஜ்கோட், தில்லி, அமிர்தசரஸ், கான்பூர். குவாஹாட்டியின் முதல் எழுத்தோடு கட்டம் நின்றுவிட்டது, அதற்கு மேல் எடுக்கவில்லை. அருண் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். இத்தனை ஊருக்கும் போகிறோமா என்று கேட்டான். நமக்கு இருப்பது பதினான்கு நாள், மட்டாஞ்சேரி மட்டும்தான் என்றேன். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்றான். சும்மா எழுதிக்கொள்கிறேன், மாமா போட்ட லிஸ்ட் என்றேன். அவன், தில்லிக்காவது போகலாமே, அந்தச் சந்தைக்கு, என்றான். நான் சொன்ன பொய் அவனுக்கு நினைவிருக்கிறது. பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. போன வருடம் காரியம் முடிந்து திரும்பும்போது பையை மதினியிடமே விட்டுவிட்டு, அந்தச் சாக்குத் துண்டை மட்டும் அவிழ்த்து எடுத்துவந்தேன். அந்த முறை குப்பையில் போடவில்லை. விமானத்தில் தந்த அட்டையில், செடி சம்பந்தமான பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டேன். ஆக்லாந்தில் இறங்கியதும் தனி வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரி சின்னப் பெண், மீராவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கையுறையோடு அதை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள்.

"இஞ்சியா?"

"சுக்கு. காயவைத்த இஞ்சி. என் அண்ணனுடையது."

விளக்குப் போட்ட கண்ணாடிக்கு அடியில் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. அப்புறம் எண்ணைக் கவனித்தாள்.

"ஐந்தில் ஐந்தாவது என்று போட்டிருக்கிறதே. மற்ற நாலு எங்கே? பெட்டியில் இருக்கிறதா?"

அவள் கேட்டது அவள் வேலை. வேறு சாக்கு ஏதும் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

"மற்ற நாலும் முன்னாலேயே வந்துவிட்டன," என்றேன்.

அவள் சிரித்தாள். துண்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள். "அப்படியானால் இதோடு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது."

ஆமாம் என்றேன். அண்ணன் விஷயத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.